லுவா, இஎஸ்பி8266: சரியாக 55 நிமிடத்தில் ரீபூட். ரேம் எங்கே போகிறது?

தொட்டிக்காரன் | செவ்வாய், இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டிக்கு நீர்மட்டம் பார்க்கும் கருவி ஒன்று செய்திருக்கிறேன். நோட்எம்சியு போர்டு, உள்ளே இஎஸ்பி8266 வைஃபை சில்லு, லுவா 5.1 என்ற ஸ்கிரிப்ட் மொழியை ஓட்டும் ஃபர்ம்வேர், ஃப்ளோட் பில்டு (தசம எண்களைக் கையாளும் வகை). நிமிடத்துக்கு ஒரு முறை அல்ட்ராசோனிக் சென்சாரில் அளந்து எம்க்யூடிடியில் (சின்னக் கருவிகள் நெட்வொர்க்கில் செய்தி அனுப்பும் முறை) அனுப்பும். கடைசி 60 அளவீடுகளைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கொரு முறை மொத்த அறிக்கையும் அனுப்ப வேண்டும்.

அந்த அறிக்கை இன்றுவரை ஒரு தடவைகூடப் போகவில்லை. 55 நிமிடம் ஒழுங்காக ஓடும், பிறகு ‘நாட் இனஃப் மெமரி’ என்று ஒரு வரி, உடனே ரீபூட். முதலில் பவர் சப்ளையைச் சந்தேகித்து மூன்று அடாப்டர் மாற்றினேன். கெப்பாசிட்டர் போட்டேன். வைஃபை ரவுட்டரையே இடம் மாற்றி வீட்டில் திட்டு வாங்கியதுதான் மிச்சம். ரேமைக் குறைக்க என்ன வழி? வேரியபிள் பெயர்களை எல்லாம் ஓரெழுத்தாக்கிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் மாறவில்லை.

வெறும்_ஸி | செவ்வாய், இரவு 10:52

இஎஸ்பி32 வாங்குங்கள், 520 கேபி எஸ்ரேம் இருக்கிறது. இல்லையென்றால் ஸி-யில் எழுதுங்கள். 8266-ல் ஸ்கிரிப்ட் மொழி ஓட்டுவது ஸ்கூட்டரில் பீரோ ஏற்றுவது மாதிரி.

ஈயப்பற்று | செவ்வாய், இரவு 11:15

ஸ்கூட்டரில் பீரோ ஏற்றுகிற ஊரில்தான் இருக்கிறோம், அதை விடுங்கள்.

தொட்டிக்காரன் தம்பி, போர்டை மாற்றும் முன் எண்களைப் பார்ப்போம். எந்த வரிக்குப் பின் எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் ரேமைக் குறைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு பானை உடைக்கிற வேலை. நான்கு இடத்தில் நோட்.ஹீப் மதிப்பை (ஹீப்பில், அதாவது ஓடும்போது கேட்டு வாங்கும் ரேமில், எவ்வளவு காலி என்பதை) அச்சிடுங்கள்: பூட் ஆனவுடன், எல்லா மாட்யூலும் ரெக்வயர் ஆன பின், எம்க்யூடிடி இணைந்த பின், அப்புறம் ஒவ்வொரு அளவீட்டுக்கும் பின். அச்சிடும் முன், பயன்படாத பொருள்களை அள்ளும் கலெக்ட்கார்பேஜை இரண்டு முறை கூப்பிடுங்கள். ஃபைனலைசர் (அழியும் முன் ஓடும் ஃபங்ஷன்) உள்ள பொருள்கள் முதல் சுற்றில் விடைபெறும், அவற்றின் இடம் இரண்டாம் சுற்றில்தான் திரும்பக் கிடைக்கும். அதைச் செய்யாமல் எடுத்த எண் குப்பையையும் சேர்த்து எண்ணியதாகத்தான் இருக்கும்.

உங்கள் 55 நிமிடம் ரொம்பச் சுத்தமான எண். பவர் சப்ளை பிரச்சினை இவ்வளவு நேரம் தவறாமல் வராது.

தொட்டிக்காரன் | புதன், காலை 7:05

எடுத்துவிட்டேன் அண்ணா.

பூட் ஆனவுடன்: 44,100
ஆறு மாட்யூல் ஏறிய பின்: 23,600
எம்க்யூடிடி இணைந்த பின்: 19,400
10 அளவீட்டுக்குப் பின்: 16,350
30 அளவீட்டுக்குப் பின்: 10,280
55-ல்: 2,700 சொச்சம், அத்தோடு காலி

ஒரு அளவீட்டுக்கு 300 பைட் போகிறது. நான் வைப்பதோ ஐந்தே ஐந்து எண்: நேரம், மட்டம், வெப்பம், மின்னழுத்தம், மோட்டார் ஓடுகிறதா இல்லையா. ஐந்து எண்ணுக்கு 300 பைட்டா?

ஈயப்பற்று | புதன், காலை 8:30

ஆமாம், 300 பைட்தான். கணக்கைப் பாருங்கள்.

ஒவ்வொரு அளவீட்டையும் பெயர் வைத்த ஐந்து புலங்கள் கொண்ட டேபிளாக வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 32 பிட் மெஷினில் லுவா 5.1-ல் வெறும் டேபிளின் தலைப்புக்கே 32 பைட். பெயர் வைத்த புலங்கள் போவது ஹாஷ் பகுதிக்கு, அதாவது பெயரைச் சாவியாக வைத்துத் தேடும் இடத்துக்கு. அங்கே ஒரு கட்டத்துக்கு 32 பைட்: மதிப்புக்கு 16, சாவிக்கும் அடுத்த கட்டத்தைக் காட்டும் பாயின்டருக்கும் சேர்த்து 16. டபுள் வகை எண் 8 பைட், அதன் வகைக்குறி 4 பைட், வரிசை ஒழுங்குக்காக இன்னொரு 4 வீண். மதிப்புக்கு 16 ஆவது இப்படித்தான்.

அடுத்தது இன்னும் மோசம். ஹாஷ் பகுதி இரண்டின் அடுக்காக மட்டுமே வளரும்: 1, 2, 4, 8. உங்களிடம் ஐந்து புலம், அதனால் எட்டுக் கட்டம். மூன்று கட்டம் சும்மா கிடக்கிறது. 8 பெருக்கல் 32 என்றால் 256, தலைப்பு 32 சேர்த்தால் 288. ரேமை ஒதுக்கித் தரும் மாலக் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 300 வந்துவிட்டதா?

60 அளவீடு முழுதாகச் சேர்ந்தால் 17,280 பைட். கையில் இருந்தது 19,400. நிமிடம்தோறும் ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் அனுப்பும் செய்திக்கும் இடம் வேண்டும். 55-ல் விழாமல் எங்கே போகும்?

(மதிப்பை 12 பைட்டில் அடக்கும் பில்டு உண்டு. இன்டிஜர் பில்டில் எல்லாமே 4 பைட் எண் என்பதால் இன்னும் சிறுக்கும். உங்களுடையது எது என்று 300-ஐப் பார்த்தாலே தெரிகிறது.)

தொட்டிக்காரன் | புதன், காலை 8:44

ஐந்தாவது புலமாக மோட்டார் நிலையைச் சேர்த்தது போன மாதம்தான், மணி அறிக்கையும் அப்போதுதான். அதற்கு முன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது!

ஈயப்பற்று | புதன், காலை 8:47

நான்கு புலம் இருந்தவரை நான்கு கட்டம், அதாவது 128 பைட். ஐந்தாவது வந்ததும் இரட்டிப்பு. ஒரு ‘ஆம் / இல்லை’ சேர்க்க அளவீட்டுக்கு 128 பைட் கொடுத்திருக்கிறீர்கள்.

அரைபைட் | புதன், மதியம் 1:20

இடையில் நுழைகிறேன். நான் மீட்டர்களுக்கு ஃபர்ம்வேர் எழுதுகிறவள், இந்த வேதனை பழக்கம்.

தம்பி, ஒவ்வொரு அளவீடும் டேபிளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு வழி உண்டு. முதல் வழி, புலத்துக்கு ஒரு வரிசை என்று ஐந்து வரிசைகள். டேபிளின் வரிசைப் பகுதியில் சாவி கிடையாது, மதிப்புக்கு 16 பைட் மட்டும். ஒன்றொன்றாகச் சேர்த்தால் அதுவும் 64 வரை வளரும். 64 பெருக்கல் 16 பெருக்கல் 5, ஆக 5,120 பைட். 17 ஆயிரம் 5 ஆயிரமாகும்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. ஃபர்ம்வேர் பில்டு செய்யும்போது ஸ்ட்ரக்ட் மாட்யூலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்கு 4 பைட், மட்டம் 2, வெப்பத்தைப் பத்தால் பெருக்கி 2, மின்னழுத்தம் 2, மோட்டார் 1. மொத்தம் 11 பைட். அதை ஒரு ஸ்ட்ரிங்காகக் கட்டி வரிசையில் போடுங்கள். லுவா 5.1-ல் ஸ்ட்ரிங் தலைப்பு 16 பைட், கடைசியில் ஒரு பூஜ்ஜியம். ஆக 28. 60 அளவீட்டுக்கு 1,680, அவற்றைத் தாங்கும் வரிசைக்கு 1,024. மொத்தமே 2.7 கேபி.

படிக்கும்போது பிரித்தெடுக்க வேண்டும், உண்மைதான். மணிக்கு ஒரு தடவை பிரிப்பதற்கு யாரும் அழமாட்டார்கள்.

வெறும்_ஸி | புதன், மதியம் 1:31

ஸி-யில் இது 60 பெருக்கல் 12. 720 பைட். சும்மா சொல்லி வைத்தேன்.

தொட்டிக்காரன் | புதன், இரவு 9:50

அக்கா சொன்ன இரண்டாவது வழி. எம்க்யூடிடிக்குப் பின் 19,400 இருந்தது, 60 அளவீடும் நிறைந்த பின் 16,200-ல் நிற்கிறது. 55-ஐத் தாண்டியது! இனிப்பு வாங்கலாம் என்று எழுந்தேன். 60-வது நிமிடம் மணி அறிக்கை கட்டும்போது மறுபடியும் ‘நாட் இனஃப் மெமரி’.

16 கேபி இருக்கிறது, அறிக்கை 4 கேபிதான். எப்படிப் பற்றாமல் போகும்?

அரைபைட் | புதன், இரவு 10:10

அறிக்கையை எப்படிக் கட்டுகிறீர்கள்? லூப்புக்குள் புள்ளி புள்ளி போட்டு ஒட்டுகிறீர்களா?

தொட்டிக்காரன் | புதன், இரவு 10:12

ஆமாம் அக்கா. வேறெப்படி?

அரைபைட் | புதன், இரவு 10:35

லுவாவில் ஸ்ட்ரிங்கை மாற்ற முடியாது. நீங்கள் ஒட்டுகிற ஒவ்வொரு முறையும் பழையது அப்படியே இருக்க, முழு நீளத்துக்கும் புதிதாக ஒன்று பிறக்கும். ஒரு அளவீட்டின் ஜேசன் 70 எழுத்து என்று வையுங்கள். முதல் சுற்றில் 70, அடுத்து 140, அடுத்து 210, கடைசியில் 4,200. கூட்டிப் பார்த்தால் 1,28,100 பைட். 4 கேபி அறிக்கைக்காக 128 கேபி ஹீப் வழியாக வந்து போகிறது, இருப்பதோ 16.

கார்பேஜ் கலெக்டர் இடையில் அள்ளும். ஆனால் கடைசிச் சுற்றுகளில் பழைய 4 கேபி ஸ்ட்ரிங், புதிய 4 கேபி ஸ்ட்ரிங், ஒட்டுவதற்கு லுவா உள்ளே வைத்திருக்கும் தற்காலிக இடம் இன்னொரு 4 கேபி, மூன்றும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும். அதுவும் துண்டு விழாத 4 கேபியாக. ஹீப்பில் 16 கேபி இருக்கிறது என்றால் ஒரே துண்டாக இருக்கிறது என்று பொருள் இல்லை. 28 பைட் ஸ்ட்ரிங்குகள் அறுபது அங்கங்கே உட்கார்ந்திருக்கின்றன. பஸ்ஸில் பதினாறு இருக்கை காலி, ஆனால் நாலு பேர் சேர்ந்து உட்கார இடமில்லை என்கிற கதை.

துண்டுகளை ஒரே தடவையில் ஒட்டும் டேபிள்.கன்கேட் போட்டால் அந்த 128 கேபி ஓட்டம் நிற்கும். அதைவிட நல்லது, முழு அறிக்கையைக் கட்டவே கட்டாதீர்கள். பத்துப் பத்தாக ஆறு செய்தி அனுப்புங்கள், வரிசை எண் போட்டு. மறுமுனையில் சர்வர் ஒட்டிக்கொள்ளட்டும், அதனிடம் ரேமுக்குப் பஞ்சமில்லை. முழு ஜேசன்தான் வேண்டும் என்றால் எஸ்ஜேசன் மாட்யூலின் என்கோடர் துண்டு துண்டாகப் படிக்கக் கொடுக்கும்.

சிக்கனம் | வியாழன், காலை 6:50

ஒரு சந்தேகம். பெயர்களை ஓரெழுத்தாக்கினால் ரேம் மிச்சமாகும் என்று நானும் செய்து வருகிறேன். வீண் வேலையா? கமென்ட்களையும் அழிக்கிறேன்.

ஈயப்பற்று | வியாழன், காலை 8:15

பெரும்பாலும் வீண். லோக்கல் வேரியபிள் பெயர் பைட்கோடில் (லுவா கம்பைல் செய்து ஓட்டும் வடிவம்) கிடையாது, டீபக் தகவலில் மட்டும்தான் இருக்கிறது. இயக்கும்போது அது ஒரு ரெஜிஸ்டர் எண், அவ்வளவே. குளோபல் பெயரும் டேபிள் புலப் பெயரும் உண்மையான ஸ்ட்ரிங்குகள், ஆனால் லுவா 5.1 ஒரே ஸ்ட்ரிங்கை எத்தனை இடத்தில் எழுதினாலும் நினைவகத்தில் ஒரே பிரதிதான் வைக்கும். ‘நீர்மட்டம்’ என்று 50 இடத்தில் எழுதினாலும் ஒரு தடவைதான் செலவு. கமென்ட் பைட்கோடுக்குப் போவதே இல்லை. தாராளமாக எழுதுங்கள், ஆறு மாதம் கழித்துப் படிக்கப்போவது நீங்கள்தான்.

டீபக் தகவல்தான் உண்மையில் இடம் தின்பது. லுவா 5.1-ல் ஒரு பைட்கோடு (விஎம்) கட்டளை 4 பைட். எந்த வரியிலிருந்து வந்தது என்று குறிக்க, மூல லுவாவில் கட்டளைக்கு இன்னொரு 4 பைட். கோடு எவ்வளவோ அவ்வளவு வரி எண்கள்! நோட்எம்சியு அதைப் பெருமளவு சுருக்கி வைத்திருக்கிறது. அதற்கு மேலும் வேண்டுமானால் நோட்.ஸ்ட்ரிப்டீபக்: 2 என்றால் லோக்கல், அப்வேல்யூ (ஃபங்ஷன் தனக்கு வெளியிலிருந்து பிடித்து வைக்கும் வேரியபிள்) பெயர்கள் போகும், 3 என்றால் வரி எண்ணும் போகும். நான் 2-க்கு மேல் போகமாட்டேன். தொட்டி மேல் ஏறி சீரியல் கேபிள் மாட்டி, பிழைச் செய்தியில் சரியான வரி எண் இல்லாததைப் பார்ப்பது பெரும் கொடுமை.

பாம்பாட்டி | வியாழன், காலை 11:02

நான் மைக்ரோபைத்தான் (சின்னச் சில்லுகளுக்கான பைத்தான்) பக்கம். நீங்கள் பேசுவது எல்லாம் எங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது, அதனால் சொல்கிறேன்.

எங்கள் ஹீப் 32 பிட் போர்டுகளில் 16 பைட் கட்டிகளாகப் பிரிந்திருக்கும். எதைக் கேட்டாலும் குறைந்தது ஒரு கட்டி. சின்ன முழு எண்கள் பாயின்டருக்குள்ளேயே அடங்கிவிடும், ஹீப்பைத் தொடாது. ஆனால் பல போர்டுகளில் ஒரு ஃப்ளோட் என்றால் ஒரு கட்டி. லூப்பில் நூறு ஃப்ளோட் கணக்குப் போட்டால் நூறு கட்டி குப்பை. வெப்பத்தைப் பத்தால் பெருக்கி முழு எண்ணாக வைக்கச் சொன்னார்களே அரைபைட், அது எங்கள் ஊரிலும் நல்ல பழக்கம்.

எங்கள் கலெக்டர் பொருள்களை நகர்த்தி இடத்தை ஒன்று சேர்க்காது, உங்களுடையதும் அப்படித்தான். எனவே பெரிய பஃபர்களைப் பூட் ஆனவுடனே, ஹீப் இன்னும் சமதளமாக இருக்கும்போதே பிடித்து வைத்துக்கொள்வோம். ஒரு பைட்அர்ரே, தரவை நேராக அதற்குள் படிக்க ரீட்இன்டு. ஓடும்போது புதிதாக எதையும் கேட்பதில்லை.

கான்ஸ்ட் பற்றியும் சொல்ல வேண்டும். மாறிலியின் பெயரை அடிக்கோட்டில் தொடங்கி கான்ஸ்ட் என்று அறிவித்தால், கம்பைலர் அந்த எண்ணை நேராகக் கோடில் பதித்துவிடும், மாட்யூலின் அகராதியில் அந்தப் பெயரே இருக்காது. அடிக்கோடு இல்லையென்றால் பெயர் அகராதியில் உட்கார்ந்திருக்கும். ஒரு எழுத்து வித்தியாசம்.

எல்லாவற்றுக்கும் மேல் ஃப்ரோஸன் மாட்யூல். பைத்தான் கோடைப் பைட்கோடாக்கி ஃபர்ம்வேருக்குள்ளேயே கட்டிவிட்டால் அது ஃப்ளாஷிலிருந்தே ஓடும், ரேமுக்கு வராது. முதல் மைக்ரோபிட் போர்டின் மொத்த ரேம் 16 கேபி. அதில் பைத்தான் ஓடியது ஃப்ளாஷை நம்பித்தான். உங்கள் ஆறு மாட்யூல் 20 கேபி தின்கின்றன, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

ஈயப்பற்று | வியாழன், மதியம் 12:40

அங்கேதான் வந்துகொண்டிருந்தேன், பாம்பாட்டி முந்திக்கொண்டார்.

44,100-லிருந்து 23,600. இந்த 20 கேபி முழுக்க மாறாத சரக்கு: பைட்கோடு, மாறிலிகள், பெயர்கள். ஒரு தடவை எழுதியது, ஒருபோதும் மாறாதது. அது ரேமில் ஏன் இருக்க வேண்டும்? இருக்கக் காரணம், லுவா பிறந்தது இப்படிப்பட்ட சில்லுக்காக அல்ல. 1993-ல் ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உருவானபோது மனதில் இருந்தது கம்ப்யூட்டர். அங்கே கோடும் தரவும் ஒரே ரேமில்தான்.

சின்னச் சில்லுகளுக்கான லுவாவாக இ-லுவா செய்தவர்கள் இதில் முதல் சுவரை உடைத்தார்கள். சாதாரண லுவா தொடங்கும்போதே ஸ்ட்ரிங், மேத், டேபிள் என்று ஒவ்வொரு லைப்ரரிக்கும் ரேமில் ஒரு டேபிள் கட்டி, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு க்ளோஷர் (ஃபங்ஷனைக் குறிக்கும் பொருள்) வைக்கும். நீங்கள் ஒரு வரிகூட எழுதுமுன் செலவு. அவர்கள் அந்த டேபிள்களைப் படிக்க மட்டும் முடிகிற டேபிள்களாக ஃப்ளாஷில் வைத்தார்கள். ரோட்டேபிள் என்பது அதுதான். நோட்எம்சியு அதை இ-லுவாவிலிருந்தே எடுத்தது. நீங்கள் 44 கேபியோடு தொடங்க முடிவது அதனால்தான்.

இரண்டாவது சுவர் உங்கள் சொந்தக் கோடு. அதற்கு எல்எஃப்எஸ், லுவா ஃப்ளாஷ் ஸ்டோர். கம்ப்யூட்டரில் லுவாக்.க்ராஸ் கொண்டு எல்லாக் கோப்புகளையும் ஒரே இமேஜாகக் கம்பைல் செய்து, போர்டில் ஏற்றி, நோட்.எல்எஃப்எஸ்.ரீலோட். ஃப்ளாஷில் ஒதுக்கிய பகுதியில் பதிந்து போர்டு ரீபூட் ஆகும். அப்புறம் உங்கள் ஃபங்ஷன்களின் கோடும் ஸ்ட்ரிங் மாறிலிகளும் ஃப்ளாஷிலேயே இருந்துகொண்டு அங்கிருந்தே ஓடும். ரேமில் இருப்பது க்ளோஷர்கள், அப்வேல்யூக்கள், உங்கள் தரவு. கம்பைலர் போர்டில் ஓடுவதில்லை என்பது கூடுதல் லாபம். பெரிய கோப்பைப் போர்டிலேயே கம்பைல் செய்யும்போது, முடிந்த பைட்கோடை விட வேலைக்கு நடுவில் கூடுதல் ரேம் வேண்டும். ‘ஏற்றும்போதே சாகிறது’ என்று புலம்புகிறவர்கள் பாதிப் பேர் அங்கேதான் சாகிறார்கள்.

சிக்கனம் | வியாழன், மதியம் 12:58

ஃப்ளாஷிலிருந்து ஓடினால் வேகம் குறையாதா?

ஈயப்பற்று | வியாழன், மதியம் 1:10

கொஞ்சம் குறையும். 8266 ஃப்ளாஷை 32 கேபி கேஷ் வழியாகப் படிக்கிறது, கேஷில் இல்லாததை எடுக்க நேரமாகும். அதோடு ஃப்ளாஷை 4 பைட் 4 பைட்டாக, நேர் முகவரியில்தான் படிக்க விடும். ஒற்றை பைட் கேட்டால் எக்ஸெப்ஷன் எழும்பி, மென்பொருள் வந்து எடுத்துக் கொடுக்கும். ஆனால் மறுபக்கம், கலெக்டர் ஃப்ளாஷில் இருப்பதைத் தொடுவதில்லை. சுற்றிப் பார்க்க வேண்டிய வீடு சிறுத்ததால் அதன் வேலை சீக்கிரம் முடியும். நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் அளக்கிறவருக்கு இதெல்லாம் கவலையே இல்லை.

தொட்டிக்காரன் | வெள்ளி, இரவு 11:30

இரண்டு இரவு போனது. எல்எஃப்எஸ் பகுதி ஒதுக்கி ஃபர்ம்வேரைப் பில்டு செய்தேன், இமேஜ் கட்டினேன், ஏற்றினேன், ரீலோட் சொன்னால் ஏற்க மறுக்கிறது. கோப்பு சரியாகத்தான் இறங்கியிருக்கிறது, அளவும் சரி.

அரைபைட் | வெள்ளி, இரவு 11:41

லுவாக்.க்ராஸ் எங்கிருந்து எடுத்தீர்கள்?

தொட்டிக்காரன் | வெள்ளி, இரவு 11:44

பழைய ப்ராஜெக்ட் ஃபோல்டரில் ஒன்று இருந்தது. ஐயோ. அது இன்டிஜர் பில்டுடையது.

அரைபைட் | வெள்ளி, இரவு 11:46

அதேதான். எண் வகை வேறு, இமேஜ் வேறு. ஃபர்ம்வேரோடு சேர்ந்து பில்டு ஆன க்ராஸ் கம்பைலரையே எடுங்கள். மறுத்ததே நல்லது, ஏற்றுக்கொண்டிருந்தால் அது இன்னும் பெரிய கூத்து.

இன்னொன்று, தூங்கும் முன் செய்துவிடுங்கள். பூட் ஆனதும் ஓடும் இனிட் கோப்பின் தொடக்கத்தில் மூன்று விநாடி டைமர் வைத்து, அதன் பிறகே எல்எஃப்எஸ் கோடைக் கூப்பிடுங்கள். புது இமேஜில் பிழை இருந்தால் போர்டு பூட், பேனிக், பூட், பேனிக் என்று சுற்றும். அந்த மூன்று விநாடிதான் நீங்கள் கை நீட்டித் தடுக்கும் நேரம்.

தொட்டிக்காரன் | சனி, மாலை 5:20

ஏறிவிட்டது!!

பூட்: 44,000
மாட்யூல்கள் ஏறிய பின்: 39,300 (முன்பு 23,600)
எம்க்யூடிடி பின்: 35,100
60 அளவீடு நிறைந்த பின்: 31,900
மணி அறிக்கை, ஆறு துண்டாக: போய்ச் சேர்ந்தது, இரண்டு முறை

நான் செய்த ரேம் ‘சிக்கனம்’ எல்லாவற்றையும்விட ஒரே நாளில் இது கொடுத்தது அதிகம். அந்த ஓரெழுத்துப் பெயர்களை இப்போது திரும்ப மாற்றிக்கொண்டிருக்கிறேன், எது எது என்று எனக்கே தெரியவில்லை.

ஈயப்பற்று | சனி, மாலை 6:05

நல்லது. இன்னும் ஒரு கேபி, இரண்டு கேபி வேண்டுமானால் ஒரு விளையாட்டு இருக்கிறது. டீபக்.கெட்ஸ்ட்ரிங்ஸ் என்பதை ‘ரேம்’ என்று சொல்லிக் கூப்பிட்டால் ரேமில் இன்னும் உட்கார்ந்திருக்கும் ஸ்ட்ரிங்குகளின் பட்டியல் வரும். அதில் எப்போதும் இருக்கிறவற்றை, அதாவது ஃபர்ம்வேர் பயன்படுத்தும் பெயர்கள், மெட்டாடேபிள் சாவிகள் போன்றவற்றை, ஒரு கோப்பில் லோக்கல் மாறிலிகளாக வரிசையாக எழுதி அந்தக் கோப்பையும் இமேஜில் சேருங்கள். அதை யாரும் ஓட்டப்போவதில்லை. அது அங்கே இருப்பதாலேயே அந்த ஸ்ட்ரிங்குகள் ஃப்ளாஷின் ஸ்ட்ரிங் டேபிளில் பதிந்துவிடும். அடுத்து யார் கேட்டாலும் லுவா ஃப்ளாஷில் இருப்பதையே காட்டும், ரேமில் புதிதாக ஒன்று உண்டாக்காது. ஒருபோதும் ஓடாத ஒரு கோப்பு ரேமை மிச்சப்படுத்துவது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

தொட்டிக்காரன் | செவ்வாய், காலை 6:30

இன்னொரு தலைவலி. மூன்று நாள் ஓடியது, இன்று அதிகாலை ரீபூட். பதிவைப் பார்த்தால் ஹீப் 31,900-லிருந்து படிப்படியாக இறங்கியிருக்கிறது. தொடர்ந்து இறங்கவில்லை, கரண்ட் போய் ரவுட்டர் திரும்பி வரும்போதெல்லாம் ஒரு கேபிக்கு மேல் குறைகிறது, திரும்பி ஏறுவதே இல்லை. எங்கள் பகுதியில் இந்த வாரம் கரண்ட் போனதற்குக் கணக்கே இல்லை.

அரைபைட் | செவ்வாய், காலை 9:15

மறு இணைப்புக் கோடை ஒட்டுங்கள்.

தொட்டிக்காரன் | செவ்வாய், காலை 9:32

சுருக்கமாகச் சொல்கிறேன் அக்கா. இணைப்பு அறுந்தால் புது க்ளையன்ட் உண்டாக்குகிறேன். அதற்கு ‘செய்தி வந்தால்’ என்று ஒரு ஃபங்ஷன் கொடுக்கிறேன். அந்த ஃபங்ஷனுக்குள் அதே க்ளையன்ட் வேரியபிளைப் பிடித்து பதில் அனுப்புகிறேன்.

அரைபைட் | செவ்வாய், காலை 9:50

அதுதான் ஓட்டை. க்ளையன்டுக்குக் கொடுத்த ஃபங்ஷனை ஃபர்ம்வேர் ரெஜிஸ்ட்ரியில் (ஸி பக்கம் லுவா பொருள்களைக் குறித்து வைக்கும் டேபிள்) பிடித்து வைத்திருக்கிறது. அந்த ஃபங்ஷன் வெளியே உள்ள க்ளையன்ட் வேரியபிளை அப்வேல்யூவாகப் பிடித்து வைத்திருக்கிறது. நீங்கள் உங்கள் பக்கம் அந்த வேரியபிளில் நில் (காலி மதிப்பு) வைத்தாலும் கலெக்டரின் கண்ணுக்கு அது உயிரோடுதான் இருக்கும். ரெஜிஸ்ட்ரி ஃபங்ஷனைக் காட்டுகிறது, ஃபங்ஷன் க்ளையன்டைக் காட்டுகிறது, க்ளையன்ட் உயிரோடு இருப்பதால் ரெஜிஸ்ட்ரி பதிவும் அழியாது. ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் ஒரு பிணம்.

மருந்து எளிது. கால்பேக் ஃபங்ஷனுக்கு முதல் ஆர்கியூமென்டாக க்ளையன்டே வருகிறது. வெளியே உள்ள வேரியபிளைத் தொடாமல் அந்த ஆர்கியூமென்டையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஒரே க்ளையன்டை வைத்துக்கொண்டு மறுபடி கனெக்ட் மட்டும் சொல்லுங்கள், உங்கள் வேலைக்கு அதுவே போதும்.

வெறும்_ஸி | செவ்வாய், காலை 10:05

கார்பேஜ் கலெக்டர் இருந்தால் லீக் இருக்காது என்றார்களே?

ஈயப்பற்று | செவ்வாய், காலை 10:20

சொன்னவர்கள் யார் என்று தெரியவில்லை. கலெக்டர் யாருக்கும் தேவைப்படாததை அள்ளாது, யாரும் பிடித்து வைத்திராததை அள்ளும். இரண்டும் ஒன்றல்ல.

கலெக்டர் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். லுவாவின் செட்பாஸ் இயல்பு மதிப்பு 200. ஒரு சுற்று முடிந்தபின், பயன்பாடு இரு மடங்கு ஆகும்வரை அடுத்த சுற்றைத் தொடங்காது என்று பொருள். கம்ப்யூட்டரில் நியாயம். 44 கேபி போர்டில் 25 கேபி உயிருள்ள தரவு இருந்தால் 50 கேபி வரும்வரை காத்திருப்பேன் என்கிறது, வராத பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி. இதனால்தான் இ-லுவாவில் எமர்ஜென்சி கலெக்டர் வந்தது: இடம் கிடைக்காதபோது சாகாமல், ஒரு முழுச் சுற்று அள்ளிவிட்டு மறுபடி கேட்பது. லுவா 5.2-லிருந்து அது மூலத்திலேயே இருக்கிறது. நோட்எம்சியுவில் நோட்.இஜிசி.செட்மோட்.

ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். லுவா கேட்டு இடம் இல்லையென்றால்தான் அது விழிக்கும். வைஃபை, டிசிபி அடுக்குகள் ஸி பக்கத்திலிருந்து நேராக மாலக் கேட்கின்றன. அங்கே தோற்றால் கலெக்டருக்குச் செய்தியே போகாது. அதனால் லுவா பயன்பாட்டுக்கு ஒரு எல்லை வைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்து, அடுத்த வீட்டுக்காரருக்கு எப்போதும் சில கேபி விட்டு வையுங்கள். எப்போதும் அள்ளு என்கிற முறையும் உண்டு. வேலை ஆமை வேகத்துக்குப் போய்விடும், நான் பிழை தேடும்போது மட்டும் போடுவேன்.

பாம்பாட்டி | செவ்வாய், மதியம் 2:15

செட்பாஸ் போல எங்களுக்கு ஜிசி.த்ரெஷோல்ட். அனுபவம் அச்சு அசல் இதே.

அரைபைட் | செவ்வாய், மாலை 4:40

இன்னும் தீவிரமாகப் போனவர்களும் உண்டு. சாம்சங்கில் உருவான ஜெர்ரிஸ்கிரிப்ட், ஜாவாஸ்கிரிப்டையே 64 கேபிக்கும் குறைந்த ரேமில் ஓட்டுகிறது. அவர்கள் பாயின்டரையே பாதியாக்கினார்கள். எல்லாப் பொருளும் 8 பைட் எல்லையில் தொடங்கும் என்று விதி வைத்தால் முகவரியின் கடைசி மூன்று பிட் எப்போதும் பூஜ்ஜியம். அதைத் தூக்கிவிட்டு 16 பிட்டில் எழுதினால் 65,536 பெருக்கல் 8, அதாவது 512 கேபி ஹீப்பைக் காட்டலாம். இவ்வளவு சின்ன போர்டுக்கு அதற்கு மேல் யாருக்கு வேண்டும்? ஒவ்வொரு பாயின்டரிலும் 2 பைட் லாபம்.

லுவா மூலத்திலும் நிலைமை மாறுகிறது. 5.4-ல் வரி எண் பெரும்பாலும் கட்டளைக்கு ஒரு பைட்டாகச் சுருங்கியது. 5.5-ல் வரிசைகள் நெருக்கமாக அடுக்கப்படுகின்றன. நினைவகத்தில் ஏற்கனவே இருக்கும் பைனரியை ஏற்றும்போது சில பகுதிகளைப் பிரதி எடுக்காமல் இருந்த இடத்திலேயே பயன்படுத்தவும் வழி செய்திருக்கிறார்கள். சின்ன போர்டுக்காரர்கள் ஒட்டுப்போட்டுச் செய்துகொண்டிருந்ததில் ஒரு பங்கு மூலத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

தொட்டிக்காரன் | அடுத்த மாதம், ஞாயிறு, காலை 8:10

19 நாள் ரீபூட் இல்லை. கரண்ட் போய் வந்த பின்பும் ஹீப் 31 ஆயிரத்திலேயே நிற்கிறது. ஈயப்பற்று அண்ணா, அரைபைட் அக்கா, பாம்பாட்டி, நன்றி. வெறும்_ஸி அண்ணாவுக்கும்.

கடைசியாக ஒன்று. டிஎல்எஸ் (இணைப்பை மறைகுறியாக்கும் முறை) சேர்த்துப் பார்த்தேன். 31 கேபி காலியாக இருப்பதால் துணிந்தேன். என் சொந்த சர்வரோடு இணைகிறது, வெளி சர்வர் ஒன்றோடு ஹேண்ட்ஷேக்கிலேயே அறுந்துவிடுகிறது.

அரைபைட் | ஞாயிறு, காலை 9:02

உங்கள் சர்வரில் நீங்களே செய்த சின்னச் சான்றிதழ், அங்கே நீளமான சங்கிலி. நோட்எம்சியுவின் டிஎல்எஸ் பஃபர் இயல்பாக 4,096 பைட். அதைவிடப் பெரிய துண்டாக அந்த சர்வர் அனுப்பினால் உள்ளே நுழையாது. பஃபரைப் பெரிதாக்கிப் பில்டு செய்யலாம், ஆனால் அது போக்குக்கும் வரத்துக்கும் சேர்த்துக் கேட்கும், அதுவும் ஒரே துண்டாக. உங்கள் சர்வரையே இடையில் நிறுத்தி வெளியே அது பேசட்டும்.

சிக்கனம் | ஞாயிறு, காலை 9:30

என்னிடம் சின்ன இஎஸ்பி-01 போர்டுகள் நாலு கிடக்கின்றன. அதில் எல்எஃப்எஸ் போடலாமா?

ஈயப்பற்று | ஞாயிறு, காலை 10:11

முதலில் இஎஸ்பிடூலில் ஃப்ளாஷ் ஐடி கேட்டுப் பாருங்கள். நீல நிறத்தில் வந்தவை பெரும்பாலும் 512 கேபி, அதில் ஃபர்ம்வேர் போட்ட பின் எல்எஃப்எஸ்ஸுக்கு இடம் மிஞ்சாது. கறுப்பு என்றால் பொதுவாக 1 எம்பி. தேவையான மாட்யூல்களை மட்டும் சேர்த்து இன்டிஜர் பில்டாகக் கட்டினால் 64 கேபி ஒதுக்கலாம். லுவாக்.க்ராஸையும் அதே பில்டிலிருந்து எடுங்கள்.